ராக்‌ஷாக்ஸ் ஜூடி (1995–97): பழைய மவுண்டன் பைக் ஃபோர்க்கை மீட்டெடுப்பது எப்படி

1990களின் நடுவில் வந்த மவுண்டன் பைக் ஒன்று கைக்குக் கிடைத்தால், பெரும்பாலும் அதன் முன் ஃபோர்க் வேலை செய்யாது. ஹேண்டில்பாரை அழுத்தினால் அசையாமல் நிற்கும். இல்லையென்றால் அமுங்கிய இடத்திலேயே கிடக்கும். இது இனி ஆகாது என்று தூக்கிப் போட்டுவிட்டுப் புது ஃபோர்க் தேடுபவர்கள்தான் அதிகம். அவசரப்பட வேண்டாம். இப்படி நின்றுபோன ஃபோர்க்குகளில் உலோகம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போனவை உள்ளே இருக்கும் எலாஸ்டோமர் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் ரப்பர் போன்ற கட்டை), கிரீஸ், ரப்பர் வளையம் ஆகியவைதான். இவை மூன்றையும் மாற்றலாம். உலோகம் போயிருந்தால் மட்டும் எதுவும் செய்ய முடியாது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் பரிசோதனை முதலில் வருகிறது, ஸ்பேனர் பிறகுதான் வருகிறது.

எடுத்துக்கொண்டிருக்கும் மாதிரி, 1995 முதல் 1997 வரை வந்த ராக்‌ஷாக்ஸ் ஜூடி. அக்கால ஃபோர்க்குகளில் பரவலாகக் கிடைப்பது இது. எலாஸ்டோமர், எண்ணெய் டாம்பர் (அமுங்கித் திரும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) இரண்டுமே இதில் இருப்பதால், இதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவருக்கு அதே காலத்து மற்ற ஃபோர்க்குகளும் பிடிபடும். பால் டர்னர் தொடங்கிய ராக்‌ஷாக்ஸின் முதல் ஃபோர்க்கான ஆர்எஸ்-1 காற்றிலும் எண்ணெயிலும் இயங்கியது. 1990-ல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த முதல் மவுண்டன் பைக் உலகச் சாம்பியன் போட்டியில் கிரெக் ஹெர்போல்ட் டவுன்ஹில் (மலையிறக்க) பிரிவை வென்றது ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்கோடுதான். பிறகு வந்த மேக் 21-உம் காற்று-எண்ணெய் வகையே. டக் பிராட்பரியின் மானிட்டூ ஃபோர்க்குகள் எலாஸ்டோமர் வழியில் போயின. ஜூடி இரண்டையும் சேர்த்தது: ஸ்பிரிங்குக்கு எலாஸ்டோமர், வேகத்தைக் கட்டுப்படுத்த மூடிய எண்ணெய் கார்ட்ரிஜ். 1997-ல் மார்சோக்கி பாம்பர் இசட்1 என்ற ஃபோர்க் உலோக ஸ்பிரிங்கோடும் திறந்த எண்ணெயோடும் வந்தபின் எலாஸ்டோமரின் காலம் முடியத் தொடங்கியது.

முற்றிலும் புதியவர் எண்ணெயே இல்லாத மானிட்டூ 2 அல்லது 3-இல் கைவைத்துப் பழகலாம். ஆனால் கீழே சொல்லும் வரிசையைப் பின்பற்றினால் ஜூடியும் ஒரு வாரக்கடைசி வேலைதான்.

எது கையில் இருக்கிறது?

1995–97 ஜூடியை அடையாளம் காண்பது எளிது. இரண்டு கீழ்க்கால்களும் தனித்தனி மக்னீசிய வார்ப்புகள். அவற்றை இணைக்கும் பிரேக் ஆர்ச் போல்ட்டால் பூட்டப்பட்டிருக்கும். ஆர்ச்சும் கால்களும் ஒரே வார்ப்பாக இருந்தால் அது 1998 அல்லது அதற்குப் பிந்தையது, உள்ளமைப்பும் மாறியிருக்கும். கீழ்க்கால்களுக்குள் வழுக்கி இறங்கும் மேல்குழாய்களின் வெளிவிட்டம் 28 மி.மீ. அவை இரண்டையும் மேலே இணைக்கும் கிரௌனில் போல்ட்டால் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும். மேல்குழாயில் காந்தத்தை வைத்துப் பாருங்கள்: ஒட்டினால் எஃகு, ஒட்டாவிட்டால் அலுமினியம். எக்ஸ்சி மாடலில் எஃகும் எஸ்எல் மாடலில் அலுமினியமும் வந்தன. ஆனால் 30 ஆண்டில் எத்தனை பேர் எதை மாற்றியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஸ்டிக்கரை நம்பாதீர்கள், காந்தத்தை நம்புங்கள்.

ஃபிரேமின் தலைக்குழாய்க்குள் நுழையும் ஸ்டியரர் குழாயின் விட்டத்தை வெர்னியரால் அளந்துவிடுங்கள். 25.4, 28.6, 31.8 மி.மீ. என மூன்று அளவுகள் அப்போது புழக்கத்தில் இருந்தன. கிரௌன் ரேஸ் (ஹெட்செட் எனும் தலைக்குழாய்ப் பேரிங்கின் அடி வளையம்) உட்காரும் இடம் 28.6 குழாய்க்கு 30.0 மி.மீ., 31.8 குழாய்க்கு 33.0 மி.மீ. இருக்கும். உங்கள் ஃபிரேமின் தலைக்குழாயோடு இது பொருந்தாவிட்டால் வேலையைத் தொடங்குவதில் பயனில்லை.

உலோகத்தைப் பாருங்கள்

ஃபோர்க்கைக் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இடங்கள்: ஸ்டியரர் குழாய் கிரௌனுக்குள் நுழையும் விளிம்பு, மேல்குழாய் கிரௌனுக்குக் கீழே வெளிவரும் கோடு, ஆர்ச் போல்ட்டின் துளைகள், அச்சு உட்காரும் டிராப்அவுட், பிரேக்கின் கை மாட்டும் பிரேக் போஸ்ட்டின் அடி. விரிசல் பெரும்பாலும் இந்த ஐந்து இடத்தில்தான் தொடங்கும். பெயின்ட் கோடா விரிசலா என்று சந்தேகம் வந்தால் வெல்டிங் சாமான் கடையில் டை பெனட்ரன்ட் கிட் கேளுங்கள். மூன்று ஸ்பிரே டப்பா இருக்கும்: துடைப்பது, சிவப்புச் சாயம், வெள்ளைப் பூச்சு. சாயத்தை அடித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, துடைத்துவிட்டு வெள்ளையை அடித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் மட்டும் மெல்லிய சிவப்புக் கோடு எழும்பி வரும்.

மேல்குழாயைக் கழற்றிய பிறகு கண்ணாடிப் பலகையில் உருட்டுங்கள். அடியில் 0.1 மி.மீ. ஃபீலர் கேஜ் நுழைந்தால் குழாய் வளைந்திருக்கிறது. அலுமினியக் குழாயில் மேற்பூச்சு தேய்ந்து வெள்ளைத்தழும்பு தெரிவது சாதாரணம். தழும்பின் ஓரத்தில் நகம் தட்டினால் அந்தக் குழாய் ஓடும், ஆனால் புது புஷ்ஷையும் (குழாய் வழுக்கி ஓடும் உள்வளையம்) சீக்கிரம் தின்றுவிடும்.

விரிசல், வளைவு, ஆழமான துரு இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பாகத்தை ஓட்டப் பயன்படுத்தக் கூடாது. வளைந்த குழாயை நிமிர்த்தக் கூடாது. மக்னீசியத்தில் விழுந்த விரிசலுக்கு வெல்டிங்கோ எபாக்சியோ வைக்கக் கூடாது. முன் ஃபோர்க் உடைந்தால் முகம்தான் முதலில் தரையில் படும். இந்த ஒரு விஷயத்தில் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

தேவையானவை

நீளமான 5, 6 மி.மீ. ஆலன் கீ, உட்புற சர்க்ளிப் (பள்ளத்தில் உட்காரும் வில் வளையம்) எடுக்கும் பிளையர், ரப்பர் அல்லது நைலான் சுத்தியல், வெர்னியர், 4 முதல் 15 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் டார்க் ரெஞ்ச், ஐசோபுரொப்பில் ஆல்கஹால், கொஞ்சம் மண்ணெண்ணெய், நீலநிற மரைப்பசை, 12 மி.மீ. மரக்குச்சி, நுனியை வளைத்த கம்பி. கிரீஸ் விஷயத்தில் கவனம் வேண்டும்: சைக்கிள் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் லித்தியம் கிரீஸ் இங்கே ஆகாது. அக்காலத்தில் இதற்கென்றே ஜூடி பட்டர் என்ற கிரீஸை ராக்‌ஷாக்ஸ் விற்றது. இன்று ஸ்லிக் ஹனி போன்ற சஸ்பென்ஷன் கிரீஸ் எதுவானாலும் சரி. ஒரு சின்ன டப்பா பல ஃபோர்க்குக்கு வரும்.

பிரிப்பது

முதலில் மேல்மூடிகள் இரண்டையும் கழற்றுங்கள். பழைய மூடிகளின் மரை மெல்லியது. சாய்ந்தபடி திருகினால் போய்விடும். மூடியோடு எலாஸ்டோமர் அடுக்கும் வர வேண்டும். வராவிட்டாலும் கவலையில்லை, பிறகு பார்ப்போம்.

அடுத்து, கால்களின் அடியில் இருக்கும் போல்ட்டுகள். இடது காலின் அடியில் டாம்பரைச் சரிசெய்யும் குமிழ் இருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். 6 மி.மீ. ஆலன் கீயால் போல்ட்டை மூன்று அல்லது நான்கு சுற்று மட்டும் தளர்த்துங்கள். முழுவதும் எடுத்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் தண்டு கீழ்க்காலில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். தளர்ந்த போல்ட்டின் தலையில் நைலான் சுத்தியலால் நேராகத் தட்டினால் ‘டொக்’ என்று தண்டு விடுபடும். அதன் பிறகு போல்ட்டை எடுத்துவிட்டு இரு கால்களையும் சேர்த்துக் கீழ்நோக்கி இழுத்தால் கழன்று வரும். போல்ட் சுற்றுகிறது ஆனால் வெளியே வரவில்லை என்றால் உள்ளே தண்டும் சேர்ந்து சுற்றுகிறது என்று அர்த்தம். கால்களை வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு திருகினால் தண்டு பிடிபடும்.

மேல்குழாய்களின் அடிவாயில் சர்க்ளிப் இருக்கும். அதை எடுத்தால் இடது குழாயிலிருந்து டாம்பர் கார்ட்ரிஜும், வலது குழாயிலிருந்து வெறும் தண்டும் வழிகாட்டி வளையமும் வரும். ஒவ்வொரு பாகமும் வெளிவரும்போதே படம் எடுத்து, வந்த வரிசையிலேயே துணியில் பரப்பி வையுங்கள். வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பது நாளை நினைவில் இருக்காது.

கடைசியாக ஆர்ச்சையும், தேவைப்பட்டால் கிரௌன் போல்ட்டுகளையும் தளர்த்தி மேல்குழாய்களை எடுங்கள். குழாய் கிரௌனில் எவ்வளவு மேலே நீட்டிக்கொண்டிருந்தது என்று அளந்து குறித்துவையுங்கள்.

எலாஸ்டோமர் குழம்பு

ஜூடியில் வந்தது நுண்ணறை யூரித்தேன் நுரை. காற்றிலுள்ள ஈரம் இந்த யூரித்தேனின் பிணைப்புகளை மெல்ல அறுத்துவிடும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இது நடக்கும். சென்னை, கொழும்பு போன்ற ஈரப்பதமான கடலோர ஊரில் வெறுமனே மாட்டி வைத்திருந்த பைக்கிலும் எலாஸ்டோமர் கரைந்துபோய்த் தேன் மெழுகு போலக் குழாயில் அப்பியிருக்கும். பிரிக்காத பழைய பாக்கெட் கிடைத்தது என்று அதிக விலை கொடுக்கவும் வேண்டாம். பாக்கெட்டுக்குள்ளும் அதே கதிதான்.

இதை எடுப்பதுதான் இந்த வேலையில் பொறுமை கேட்கும் பகுதி. குழாயைத் தலைகீழாக வைத்து, வளைந்த கம்பியால் பெரிய துண்டுகளை வழித்தெடுங்கள். பிறகு ஒரு வாயை அடைத்து மண்ணெண்ணெய் ஊற்றி ஓரிரவு ஊறவிடுங்கள். மறுநாள் மரக்குச்சியில் துணி சுற்றி இழுங்கள். மிச்சத்துக்கு ஐசோபுரொப்பில் ஆல்கஹால். குழாயின் உள்சுவர் உலோகமாகப் பளபளக்கும் வரை விடாதீர்கள். மிச்சம் இருந்தால் புது ஸ்பிரிங் அதில் ஒட்டி இழுபடும். நெருப்பையோ ஹீட் கன்னையோ காட்டவே கூடாது. யூரித்தேன் எரிந்தால் வரும் புகை விஷம்.

மக்னீசியக் கால்களுக்கு அமிலம் கலந்த துரு நீக்கியும், அலுமினியக் குழாய்களுக்குக் காஸ்டிக் சோடா கலந்த கழுவியும் ஆகாது. சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். பெயின்ட்டைச் சுரண்டி மக்னீசியத்தை வெளிக்காட்டினால் மீண்டும் பூச்சு கொடுக்கும்வரை அது அரிக்கத் தொடங்கிவிடும். கிரைண்டர் போட்டு மக்னீசியத்தைத் தேய்க்காதீர்கள். அதன் தூள் எளிதில் தீப்பிடிக்கும். பழைய ஸ்டிக்கரை எடுப்பதற்கு முன் அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்துவிட்டால், பிறகு அதே அளவில் அச்சடித்துக்கொள்ளலாம்.

புஷ்

ஒவ்வொரு கீழ்க்காலிலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு புஷ் இருக்கும். சுத்தமான மேல்குழாயைக் காலுக்குள் விட்டுப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லேசாக உணர முடிகிற ஆட்டம் இருந்தால் அப்படியே விடலாம். ‘டக் டக்’ என்று கேட்டால் மாற்ற வேண்டும். புஷ்ஷின் உட்பரப்பில் செம்பு நிறம் தெரிய ஆரம்பித்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது: மேலே இருந்த டெஃப்லான் படலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கு தடிமன்தான்.

புது புஷ் இறுக்கமாக இருக்கிறது என்று ரீமர் போட்டுக் குடைந்துவிடாதீர்கள். குடைந்தால் அந்தப் படலம் முதல் சுற்றிலேயே போய்விடும். குழாயின் அளவைவிடச் சற்றே பெரிதாக, மெருகேற்றிய எஃகு உருளை ஒன்றை லேத்தில் கடைந்து, அதை உள்ளே தள்ளி அழுத்தித்தான் அளவைத் திறக்க வேண்டும். இதற்குப் பழகிய கை வேண்டும். புதியவர்கள் புஷ் மாற்றும் வேலையை மட்டும் சஸ்பென்ஷன் பார்க்கும் பட்டறையில் கொடுத்துவிடுவது நல்லது.

எலாஸ்டோமருக்குப் பதில் உலோக ஸ்பிரிங்

இந்த ஃபோர்க்குக்குச் செய்யக்கூடிய மேம்பாடுகளில் இதுதான் முதன்மையானது. உலோக ஸ்பிரிங் ஈரத்தில் கரையாது, குளிரில் கெட்டியாகாது. பழைய உதிரிகளில் எங்லண்ட் டோட்டல் ஏர் போன்ற காற்றுக் கார்ட்ரிஜ்களும் அகப்படும். அவற்றில் இருப்பதும் பழைய ரப்பர் வளையங்கள்தான் என்பதால் அவற்றையும் மாற்றித்தான் பூட்ட வேண்டும்.

புதியவர்கள் அடிக்கடி செய்வது, பிரஸ் டைகளில் வரும் திட யூரித்தேன் கம்பியை வாங்கி வெட்டி உள்ளே போடுவது. அது வேலை செய்யாது. நுரை அமுங்கும்போது தன்னுள் இருக்கும் காற்றறைகளுக்குள் சுருங்கும். திட யூரித்தேனுக்குச் சுருங்க இடமில்லை, அது பக்கவாட்டில் பிதுங்கிக் குழாயில் சிக்கிக்கொள்ளும்.

ஸ்பிரிங்கின் கணக்கு இது. 70 கிலோ ஆள், 12 கிலோ பைக், மொத்தம் 82. ஓட்டும் நிலையில் முன்பக்கம் சுமார் 40 சதவீதம் விழும், அதாவது 33 கிலோ. சக்கரமும் கீழ்க்கால்களும் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால் 3 கிலோவைக் கழித்தால் 30 கிலோ, ஏறக்குறைய 300 நியூட்டன். மொத்த ஓட்டம் (ஃபோர்க் அமுங்கக்கூடிய தூரம்) 60 மி.மீ. உள்ள ஃபோர்க்கில் ஆள் ஏறி உட்கார்ந்ததும் 12 மி.மீ. அமுங்கினால் சரி. மூடியைப் பூட்டும்போதே ஸ்பிரிங்கை 6 மி.மீ. முன்னழுத்தம் செய்கிறோம் என்றால், 18 மி.மீ.க்கு 300 நியூட்டன். ஒரு மில்லிமீட்டருக்கு 16.7. இரண்டு காலுக்கும் பிரித்தால் ஒரு ஸ்பிரிங் மி.மீ.க்கு சுமார் 8.3 நியூட்டன். உங்கள் எடையையும் ஃபோர்க்கின் ஓட்டத்தையும் போட்டு இதே வரிசையில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் சுற்றும் பட்டறையில் கொடுக்க ஒரு மாதிரி அளவு: 3.5 மி.மீ. ஸ்பிரிங் கம்பி, வெளிவிட்டம் 23.5 மி.மீ., வேலை செய்யும் சுற்று 22, முனைகளோடு மொத்தம் 24, தளர்ந்த நீளம் 156 மி.மீ., இரு முனையும் தட்டையாகத் தேய்த்தது. இது மி.மீ.க்கு 8.4 நியூட்டன் தரும். 3 மி.மீ. கம்பியில் சுற்றினால் மலிவாகவும் லேசாகவும் வரும் என்பார்கள். அதே ஓட்டத்துக்கு அந்தக் கம்பியில் விழும் திருகல் அழுத்தம் மிக அதிகம். சில மாதத்தில் ஸ்பிரிங் குட்டையாகிவிடும்.

அளவை உறுதி செய்யும் முன் மூன்று இடத்தில் சரிபாருங்கள். மேல்குழாயின் உள்விட்டம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்காது. சுவர் தடித்த இடத்தில் குறுகும். மிகக் குறுகிய இடத்தில் ஸ்பிரிங்கைச் சுற்றி மொத்தம் 1 மி.மீ. இடைவெளியாவது வேண்டும், ஏனென்றால் அமுங்கும்போது ஸ்பிரிங் சற்று விரியும். அடுத்து, ஃபோர்க் முழுதாக நீண்டிருக்கும்போது மூடியின் அடியிலிருந்து தண்டின் தலைவரை உள்ள தூரம். மேலே சொன்ன ஸ்பிரிங் 150 மி.மீ. தூரத்துக்கானது. உங்களுடையது அதைவிட நீளம் என்றால் மிச்சத்தை டெல்ரின் அல்லது நைலான் கம்பியில் லேத்தில் கடைந்த ஸ்பேசரால் நிரப்புங்கள். தூரம் குறைவு என்றால் ஸ்பிரிங்கையே மாற்றிக் கணக்கிட வேண்டும். மூன்றாவது, முழுதாக அமுங்கும்போது சுற்றுகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. 24 சுற்று, ஒவ்வொன்றும் 3.5 என்றால் 84 மி.மீ. 156-இல் 6-உம் 60-உம் போனால் மிச்சம் 90. நடுவே 6 மி.மீ. இருக்கிறது, போதும். இந்த இடைவெளி இல்லாமல் பூட்டினால் பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியும் மூடியின் மரைக்குப் போகும்.

தண்டின் தலையில் ஸ்பிரிங் நடுவாக உட்கார ஒரு சின்ன நைலான் இருக்கையும் கடைந்துகொள்ளுங்கள். எலாஸ்டோமரிடம் ஒரு நல்ல குணம் இருந்தது: அமுங்க அமுங்க இறுகும். உலோக ஸ்பிரிங்கில் அது இல்லை. கார் சஸ்பென்ஷனில் போடும் பம்ப் ஸ்டாப் பெரும்பாலும் அதே நுண்ணறை யூரித்தேன்தான். அதிலிருந்து கூரிய பிளேடால் ஒரு சிறு துண்டு அறுத்து, ஸ்பிரிங்கின் நடுவே, கடைசி 15 மி.மீ. ஓட்டத்தில் மட்டும் தட்டுப்படும்படி வைத்தால் அடிவாங்கும் ஓசை நின்றுவிடும்.

டாம்பர் கார்ட்ரிஜ்

கார்ட்ரிஜைக் கையில் பிடித்துத் தண்டைத் தள்ளி இழுங்கள். இரு திசையிலும் ஒரே சீராக எதிர்ப்பு இருந்தால் நல்லது. நடுவில் கொஞ்ச தூரம் வெறுமையாகப் போய்ப் பிறகு பிடித்தால் உள்ளே காற்று. எதிர்ப்பே இல்லையென்றால் எண்ணெய் எப்போதோ வடிந்துவிட்டது. பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான் இருக்கும். ஜூடியின் பலவீனம் இதுதான். தண்டு கார்ட்ரிஜின் மேலும் கீழும் வெளியே வருவதால் இரண்டு முனையிலும் சீல் உண்டு. எது போனாலும் எண்ணெய் போய்விடும்.

கார்ட்ரிஜைத் திறந்து எல்லா ரப்பர் வளையங்களையும் மாற்றுங்கள். பழைய வளையத்தை அளந்து புதிது வாங்குவது தவறான வழி. அது இத்தனை ஆண்டில் ஊதியோ நசுங்கியோ இருக்கும். வளையம் உட்காரும் பள்ளத்தின் அகலத்தையும் ஆழத்தையும், தண்டின் விட்டத்தையும் அளந்துகொண்டு, பேரிங்–ஆயில் சீல் கடையில் அதற்கேற்ற நைட்ரைல் வளையம் கேளுங்கள். தண்டில் நீளவாக்கில் கீறல் இருந்தால் 2000 எண் உப்புத்தாளில் எண்ணெய் தொட்டு, தண்டைச் சுற்றியபடி தேய்த்து மழுப்பலாம். நகத்தில் சிக்கும் கீறல் இருந்தால் எந்தச் சீலும் தாங்காது.

எண்ணெய் 5 எடையிலிருந்து (5wt) தொடங்கலாம். டப்பாவில் போட்டிருக்கும் இந்த எண் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் (எண்ணெயின் தடிப்பைக் காட்டும் அலகு) என்று பின்பக்கம் பாருங்கள். 15 முதல் 22 வரை இருந்தால் 5 எடை என்று கொள்ளலாம். மோட்டார்சைக்கிள் கடையில் சாதாரணமாகத் தரும் 10 எடை எண்ணெய் இதைவிடத் தடித்தது. ஒன்றை மறக்காதீர்கள்: எலாஸ்டோமர் தானே கொஞ்சம் அதிர்வை விழுங்கும், உலோக ஸ்பிரிங் வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுக்கும். ஸ்பிரிங்குக்கு மாறியபின் ஃபோர்க் துள்ளித் திரும்பினால் 7.5 எடைக்குப் போங்கள்.

நிரப்பும்போது கார்ட்ரிஜைச் செங்குத்தாக, பல் இல்லாத தாடை வைத்த வைஸில் லேசாகப் பிடியுங்கள். தண்டைக் கீழே தள்ளி விளிம்புவரை ஊற்றி, மிக மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு முறை மேலும் கீழும் ஆட்டுங்கள். குமிழி வரும்; நிற்கும்வரை காத்திருந்து மீண்டும் ஊற்றுங்கள். மூடும்போது எண்ணெய் வழிய வேண்டும். வழியாமல் மூடினால் உள்ளே காற்று இருக்கிறது. வேகமாக ஆட்டினால் எண்ணெய் நுரைத்துவிடும், மணிக்கணக்கில் தெளியாது. மூடிய கார்ட்ரிஜை ஒரு இரவு வெள்ளைத்தாளில் படுக்கவைத்து, காலையில் கறை இல்லையென்றால் பூட்டுங்கள்.

பூட்டுவது

மேல்குழாயும் கிரௌனும் சந்திக்கும் இடத்தை ஆல்கஹாலால் துடைத்து உலர்ந்த நிலையில் பூட்டுங்கள். அங்கே கிரீஸ் கூடாது. குறித்து வைத்த உயரத்துக்குக் குழாய்களை ஏற்றி, போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக 6.8 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். அடிப்போல்ட்டு, ஆர்ச் போல்ட்டு, பிரேக் போஸ்ட்டு எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதே அளவுதான். மக்னீசியத்தில் மரை எளிதில் கழன்றுவிடும், கை உணர்வை நம்ப வேண்டாம். எஃகுப் போல்ட்டுகளுக்கு ஒரு துளி நீலப் பசை வையுங்கள்.

கார்ட்ரிஜையும் வலது தண்டையும் சர்க்ளிப்போடு பூட்டுங்கள். சர்க்ளிப்பின் கூரிய விளிம்பு வெளிப்பக்கம், அதாவது பாரம் தள்ளும் திசைக்கு எதிராகத் தாங்கும்படி இருக்கட்டும். பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்ததா என்று திருப்பிப் பாருங்கள். புஷ்களில் கிரீஸைத் தாராளமாகத் தடவி, இரு புஷ்ஷுக்கும் நடுவேயும் ஒரு வளையமாகத் தடவுங்கள். பின்னாளில் வந்த ஃபோர்க்குகளைப் போல இதன் காலில் எண்ணெய் ஊற்றக் கூடாது. எண்ணெயைத் தாங்கும் சீல் இதில் இல்லை.

இப்போது வருவதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். ஸ்பிரிங் இன்னும் போடாத நிலையில், கால்களை ஏற்றி அடிப்போல்ட்டுகளைப் பூட்டி, ஆர்ச் போல்ட்டுகளை விரலால் மட்டும் திருகி விடுங்கள். சக்கரத்தை மாட்டிக் குவிக் ரிலீஸை மூடுங்கள். ஃபோர்க்கைப் பத்து முறை மேலும் கீழும் ஆட்டுங்கள். இரு கால்களும் தாங்களாகவே இணையாக உட்காரும். பாதி அமுங்கிய நிலையில் நிறுத்தி ஆர்ச்சை மாற்றி மாற்றி இறுக்குங்கள். முடிந்ததும் பைக்கின் முன்பக்கத்தைத் தூக்கினால் சக்கரம் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். நடுவில் தங்கினால் ஆர்ச்சைத் தளர்த்தி மறுபடி செய்யுங்கள். ஆர்ச் கோணலாக இறுகிய ஃபோர்க்கில் எந்த ஸ்பிரிங்கும் எண்ணெயும் பலன் தராது.

பிறகு ஸ்பிரிங், ஸ்பேசர், மூடி. மூடியை முதல் இரண்டு சுற்று கையால் மட்டும் திருகுங்கள். மேல்குழாய்களை மூடும் ரப்பர் உறைகளை மேலே இழுத்து மாட்டுமுன் ஒரு மேல்குழாயில் சிறிய ஜிப் டையைத் தளர்வாகக் கட்டுங்கள். பைக்கில் மெதுவாக ஏறி, ஓட்டும் நிலையில் அமர்ந்து, குலுக்காமல் இறங்கி டை நகர்ந்த தூரத்தை அளந்து பாருங்கள். 60 மி.மீ. ஃபோர்க்கில் 10 முதல் 13 மி.மீ. சரியான இடம். குறைவென்றால் ஸ்பேசரில் 2 மி.மீ. கழியுங்கள், அதிகமென்றால் கூட்டுங்கள். 10 மி.மீ.க்கு மேல் முன்னழுத்தம் தேவைப்பட்டால் அந்த ஸ்பிரிங் உங்களுக்கு மென்மை; வேறு சுற்ற வேண்டும்.

எதை மேம்படுத்தலாம், எதைத் தொடக் கூடாது

கெட்டியான ஆர்ச் கிடைத்தால் போடுங்கள். வி-பிரேக் பிடிக்கும்போது கால்களை அகட்டித் தள்ளும். மெல்லிய ஆர்ச் வளைந்து கொடுத்துப் பிரேக்கின் பலத்தை அதிலேயே இழக்கும். ஆனால் உங்கள் பைக்கில் கான்டிலிவர் பிரேக் இருந்தால், புது ஆர்ச்சில் கேபிள் தாங்கி உண்டா என்று பார்த்து வாங்குங்கள்.

நீளமான தண்டு போட்டு ஓட்டத்தைக் கூட்டுவது கவர்ச்சியான யோசனை. ஃபோர்க் நீளும்போது மேல்குழாய் புஷ்களுக்குள் இருக்கும் நீளம் குறைந்து, இரண்டின் மேலும் நெம்பும் விசை கூடும். ஃபிரேமும் மாறும்: முன்பக்கம் 20 மி.மீ. உயர்ந்தால் தலைக்குழாயின் கோணம் ஏறக்குறைய 1 டிகிரி சாயும். 50 மி.மீ. ஃபோர்க்குக்காகக் கட்டிய ஃபிரேமில் இன்றைய 100 மி.மீ. ஃபோர்க்கைச் செருகினால் திருப்பம் மந்தமாவதோடு, தலைக்குழாயின் வெல்டிங்கில் விழும் பாரமும் கூடும். அந்த ஃபிரேமுக்கு இந்தக் குட்டை ஃபோர்க்தான் பொருத்தம்.

கீழ்க்காலில் கிளாம்ப் போட்டு டிஸ்க் பிரேக் மாட்டும் அடாப்டர்களை வாங்கவே வாங்காதீர்கள். டிஸ்க் பிரேக் ஒரு காலை மட்டும் திருக்கும். அந்தத் திருகலை நினைத்து வார்க்கப்பட்ட கால் அல்ல இது.

முதல் 20 கிலோமீட்டருக்குப் பிறகு கிரௌன், ஆர்ச், அடிப்போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பைக்கை முன்னும் பின்னும் அசைத்து, ஆட்டம் தெரிந்தால் விரலை ஹெட்செட்டின் மீதும் பிறகு கீழ்க்காலின் வாயிலும் வையுங்கள். எங்கே தட்டுகிறதோ அங்கேதான் குறை. மழையில் ஓட்டினால் அன்றைக்கே ரப்பர் உறைகளைத் தூக்கித் துடையுங்கள். மண்ணைத் தடுக்கப் போட்ட அவையே தண்ணீரைத் தேக்கிவைக்கும். வழக்கமாக ஓட்டுபவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கால்களைக் கழற்றிப் பழைய கிரீஸை வழித்துப் புதிது தடவ வேண்டும். கார்ட்ரிஜ் எண்ணெயை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.